நாலு பத்து வெயில்

ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் சாத்தப்படும் சத்தம் அது. ஒரு கதவும் பத்துக் கதவும் அல்ல, எண்ணத் தொடங்கியவர் பாதியில் விட்டுவிடும் அத்தனை கதவுகள்; ஒரு கோடியில் தொடங்கி மறுகோடி வரை, அவசரமில்லாமல், கோபமில்லாமல், கல்யாணம் முடிந்த மண்டபத்தில் காவல்காரர் அறை அறையாகச் சாத்திக்கொண்டு போவதுபோல. கடைசியில் இரண்டே இரண்டு கதவுகள் சாத்தாமல் நிற்கும். அதற்குப் பிறகு வரும் அமைதியையும் சேர்த்துத்தான் அந்தச் சத்தம் என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வெகு வருஷங்களாகிவிட்டன. இப்போது நான் இருக்கும் வீட்டில் மொத்தமே நாலு கதவுகள்.

ஆவாரம்பேரியில் அப்போது பதினொரு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டுக் கணினி மையம் வைத்திருந்தன. மருத்துவமனையின் டோக்கன்களும் நோயாளிகளின் பெயர்களும், மூன்று கல்லூரிகளின் தேர்வு முடிவுகளும், பால் சங்கத்தின் வண்டி நேரங்களும், குடிநீர்ப் புகார்களும், நூலகத்தின் புத்தகப் பட்டியலும் எல்லாம் அங்கேதான். தனித்தனியாக வைத்துக்கொள்ள யாராலும் முடியாது என்பதால் சேர்ந்து வைத்துக்கொண்டார்கள். இயந்திரங்கள் என்று எங்களிடம் எதுவும் இல்லை. அவை எங்கோ, நாங்கள் பார்த்திராத ஒரு நகரத்தில், பார்த்திராத ஒரு கூடத்தில் இருந்தன. கூட்டம் கூடினால் இங்கிருந்து கட்டளை கொடுத்துப் புதிய சர்வர் ஒன்றை எழுப்புவோம், கூட்டம் குறைந்தால் இறக்குவோம். எழுப்புவது, இறக்குவது என்பவை எங்களுக்குள் வழங்கிய வார்த்தைகள். நான் ஒன்பது வருஷம் அதற்குப் பொறுப்பாளராக இருந்தேன். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டுக் கணினிக்கு வந்தவள் என்பதால், யாருக்கும் பாடம் எடுக்காமலே ஊருக்கு நான் டீச்சர்.

ஒவ்வொரு சர்வரையும் முதலிலிருந்து உருவாக்கிக்கொண்டிருக்க முடியாது. நன்றாக ஓடுகிற ஒரு சர்வரை, அது ஒரு குறிப்பிட்ட நொடியில் எப்படி இருக்கிறதோ அப்படியே பிரதி எடுத்து வைத்துக்கொள்வோம். அதற்கு இமேஜ் என்று பெயர். பிறகு எழுப்புகிற எல்லாமே அந்தப் பிரதியின் பிரதிகள். இமேஜ் எடுப்பதற்கு முன்னால் சர்வரைத் துடைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். வேலை செய்தவருடைய சாவி, அவர் தட்டிய வரிகள், பாதியில் விட்ட வரி, எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. தளவாய் துடைக்கவில்லை. அவர்தான் எங்கள் என்ஜினியர், நாற்பத்திரண்டு வயது, தோளில் எப்போதும் ஒரு சாம்பல் நிறத் துண்டு. அடுத்த நாள் கல்லூரி முடிவுகள் வெளியாகின்றன என்ற அவசரத்தில், ஒரு திங்கள்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு, தன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபடியே இமேஜ் எடுக்கிற கட்டளையைத் தட்டிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் செவ்வாய், காலை பதினோரு மணிக்கு அந்த இமேஜிலிருந்து முதல் சர்வரை எழுப்பினோம். மையத்துக்குப் பின்னால், கடைசியாகத் தண்ணீர் வந்து பன்னிரண்டு வருஷமான பேரி என்ற பெரிய குளத்தில், கருவேலஞ்செடிகளுக்கு நடுவே ஒரு வீடு நின்றது.

ஒரு கூடம், ஒரு அறை, சிவப்புச் சிமெண்டுத் தரை, நீலச் சுண்ணாம்பு. மற்றபடி அந்த வீட்டில் சுவரைவிடக் கதவு அதிகம். சுற்றிவர ஒரு நிமிஷம் போதும். எண்ணிவரப் புறப்பட்டவர்கள் திரும்ப மத்தியானம் ஆனது. எல்லாக் கதவும் திறந்துதான் வரும். எந்த வாசல் யாருக்கு, எது யாருக்கும் இல்லை என்று நாங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவை சாத்திக்கொள்ளும். தளவாய் அலுவலகத்தில் உட்கார்ந்து கையால் தட்டுவார். முதலில் உள்ளிருந்து வெளியே போகும் கதவுகள், அதன் பிறகு வெளியிலிருந்து உள்ளே வரும் கதவுகள், கடைசியாகச் சர்வரின் கடிகாரம். மொத்தம் எட்டு நிமிஷம். நான் பேரிக்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு கதவு மிச்சமானதும், கடைசிக் கட்டளையையும் தட்டிவிட்டுத் தளவாய் வர, நாங்கள் உள்ளே போனோம். அறையில் தளவாயின் மேசை, தளவாயின் நாற்காலி, அதன் முதுகில் சாம்பல் துண்டு. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எவர்சில்வர் டம்ளரில் பாதி டீ, ஆவி பறந்தது. வெளியே முற்பகல், ஆனால் மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்த மஞ்சள் வெயில் தரையில் விழுந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து. பின்கதவு, யாரோ அப்போதுதான் தள்ளிக்கொண்டு போனதுபோல, கொஞ்சம் ஆடி நின்றது.

தளவாய் துண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"தொடைக்க மறந்துட்டேன் டீச்சர்" என்றார்.

பிறகு டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "என் டீதான். சீனி கம்மி."

"அப்ப நீங்க எங்க போயிருக்கீங்க?" என்றேன்.

அவர் பின்கதவைப் பார்த்தார். "வெளிய போனது நெனவிருக்கு. எதுக்குப் போனேன்னு வரமாட்டேங்கு."

பேசிக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் சரியாகிவிட்டது. முள் சுழன்று பதினொன்று எட்டுக்கு வந்தது. மஞ்சள் வெயில் ஜன்னல் வழியாகவே திரும்பிப் போனது. டீயின் மேல் ஆடை படிந்தது.

ஊர் அந்த வீட்டை எடுத்துக்கொள்ள அதிகக் காலம் ஆகவில்லை. பரீட்சை முடிவுகளுக்கு ஒன்பது வீடுகள் எழும்பின, அந்த வாரக் கடைசியில் ஆறு இறங்கின, மருத்துவமனையில் காய்ச்சல் கூட்டம் வந்தபோது பன்னிரண்டு எழும்பின. எல்லாம் ஒரே வீடு. ஒரே நீலம், ஒரே துண்டு, ஒரே டம்ளர். கிராம நிர்வாக அலுவலர் செய்யது மீரான் நாலு நாள் அளவுச் சங்கிலியோடு வந்தார்.

"இதுக்கு நம்பர் போட முடியாது டீச்சர். நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள எறங்கிப் போயிடுது. போன தடவை வாசப்படியில உக்காந்து எழுதுனேன், பொத்துன்னு தரையில உக்காந்துட்டேன்" என்றார். ஐந்தாம் நாள், வருஷத்தில் சில மாதம் வருவது, சில மாதம் இல்லாமல் போவது, எத்தனை வரும் என்று முன்னால் சொல்ல முடியாதது என்ற மூன்று குணங்களையும் யோசித்துப் பார்த்து, எந்த நிலத்தில் என்ன விளைகிறது என்று குறிக்கும் அடங்கல் பதிவேட்டில் மானாவாரிப் பயிர் என்று எழுதி முத்திரை வைத்தார். அதன் பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பீடி சுற்றும் பெண்கள் முறத்தோடு வந்து உட்கார்ந்தார்கள், ஏனென்றால் மின்விசிறி சும்மா ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் படிக்க வந்தார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் விருந்தாளிகளைப் படுக்க வைத்தார்கள். மையத்து வாசலில் ஒரு கரும்பலகை வைத்தோம். நாளை மாலை ஐந்து மணிக்கு ஏழு, எட்டு, பதினொன்று இறக்கப்படும் என்று எழுதினால், நாலரைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டோடு வந்தவை வீட்டோடு போகும், நாம் கொண்டுபோனவை தரையில் மிஞ்சும் என்பதை எல்லாரும் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். ஒரு தடவை சொர்ணத்தாயின் ஆடு உள்ளே நின்றுவிட்டது. வீடு இறங்கியதும் அது வெட்டவெளியில் நின்று அதே குழையை மென்றுகொண்டிருந்தது. சொர்ணத்தாய் பீடிக்காரப் பெண்களுக்கு மூத்தவள். "எங்க வீட்டு ஆம்பளைக்கு இந்த நிதானம் உண்டாட்டி" என்று மற்றவர்களைக் கேட்டாள்.

தளவாய் வேறு இமேஜ் எடுப்பதாகத்தான் இருந்தார், துடைத்து, முறையாக. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப் போனது. ஆடி மாதம் பைபாஸ் ரோட்டில் ஒரு லாரி அவருடைய வண்டியின் மேல் ஏறியது. அதற்குப் பிறகு இமேஜை மாற்றாமல் வைத்திருந்தது நான்தான். காரணம் கேட்டவர்களுக்கு ஆள் இல்லை என்று சொன்னேன்.

அவருடைய மனைவி உலகம்மாள் மருத்துவமனையில் டோக்கன் கவுண்டரில் இருந்தாள். பத்து வருஷமாக அதே கம்பி வலைக்குப் பின்னால், அதே உயரமான நாற்காலியில், காலையும் மாலையும். காரியமெல்லாம் முடிந்து, தளவாயின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க மையத்துக்கு வந்தாள். அன்றைக்கு ஒரு வீடு எழும்பியது. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பேரிக்குள் இறங்கிப் போனாள். நான் பின்னால் போனேன். அவள் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். டம்ளரைச் சுற்றிக் கையைக் குவித்து, தொடாமல், சூட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்கலாம், ஒண்ணும் செய்யாது" என்றேன்.

"நான் குடிச்சுட்டா, அவுக திரும்பி வந்து என்னத்தக் குடிப்பாவ?" என்றாள்.

அதற்கப்புறம் எப்போது எழுப்புகிறோம் என்று முன்கூட்டி அவளுக்குச் சொல்லி அனுப்புவது மையத்தின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. யாரும் அதைத் தீர்மானிக்கவில்லை. வீடு வரப்போகிற இடம் என்று சுண்ணாம்புக் கோடு போட்டதற்குள் குடையோடு வந்து நிற்பாள், வீடு அவளைச் சுற்றி எழும்பும், எட்டு நிமிஷம் அந்த நாலு பத்து வெயிலில் இருப்பாள், கடிகாரம் சரியானதும் குடையை விரித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போவாள். டம்ளரை அவள் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. பீடிக்காரப் பெண்கள் அந்த எட்டு நிமிஷமும் வெளியே நின்று பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

தளவாயின் இடத்துக்கு ஜெபராணி வந்தாள். நாசரேத்துக்காரி, முப்பது வயது, கெட்டிக்காரி. ஒரே வேலையைக் கையால் இரண்டு தடவை செய்வது அவளுக்குப் பாவம் செய்வது மாதிரி. எந்தக் கதவு, எந்த வரிசை, எந்த நேரம் என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதிவிட்டாள்; சர்வர் எழும்பும்போதே அந்தக் கோப்பு தானாக ஓடும். கடிகாரத்தைச் சரிசெய்வதை முதல் வரியாக வைத்தாள், அதுதான் முறை என்பதால். எட்டு நிமிஷம் நாற்பது நொடியானது, பிறகு இருபது நொடி. கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தாமல் மழை பெய்வதுபோல ஒரே சத்தமாகச் சாத்தின. ஜெபராணி அதை எங்களுக்கெல்லாம் காண்பித்தாள். நாங்கள் கை தட்டினோம்.

ஒரு வாரம் கழித்து உலகம்மாள் அவளிடம் கேட்டாள்.

"ஏ பிள்ள, முந்தி டீ ஆறுறதுக்கு நேரமாகும். இப்பம் நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள ஆடை கட்டிருது. கொஞ்சம் மெதுவா செய்யப்படாதா?"

ஜெபராணிக்கு முதலில் புரியவில்லை. நான் சொன்ன பிறகு திரையைத் திருப்பி அவளுக்குக் காட்டினாள்.

"அக்கா, அந்த எட்டு நிமிசமும் கதவு பாதி தொறந்தே கெடந்திருக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க பேரு, சீக்கு, எல்லாம் உள்ள இருக்கு. தெருவுல போறவன் எட்டிப் பாத்தா என்ன செய்வீங்க?"

"பாக்கக் கூடாதுதான்" என்றாள் உலகம்மாள். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை. இருபது நொடிக்காகப் பத்து நிமிஷம் நடந்து வந்தாள், பத்து நிமிஷம் நடந்து போனாள்.

அப்படி மூன்று வருஷம். அடுத்த பங்குனியில் தலைநகரிலிருந்து சோதனைக்காக இரண்டு பேர் வந்தார்கள். அப்போது முப்பத்தேழு வீடுகள் நின்றன. ஒவ்வொரு வீட்டிலும் டம்ளருக்கு அடியில் ஒரு சாவி இருப்பதை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். முதல் நாள் குடிக்க எடுத்தபோது தளவாயும் அடியில் பார்க்கவில்லை, அதற்கப்புறம் நாங்கள் யாரும் டம்ளரைத் தூக்கியதில்லை. தளவாய் இமேஜில் விட்டுப்போன சாவி அது. அது யார் கையில் கிடைத்தாலும் முப்பத்தேழு வீட்டையும் திறக்கும்.

"இறந்துபோனவர் சாவியில் பதினொரு நிறுவனம் ஓடுது மேடம். பதினைந்து நாள் தர்றோம். இமேஜை அழிச்சிடணும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க முடியவில்லை.

ஜெபராணி புதிதாக இமேஜ் எடுத்தாள், இரண்டு தடவை துடைத்து. அதிலிருந்து எழும்பிய வீட்டில் ஒன்றுமே இல்லை. மேசை இல்லை, விசிறி இல்லை, நீலம்கூட இல்லை, வெளியே என்ன வெயிலோ அதே வெயில் உள்ளேயும். சொர்ணத்தாய் முறத்தோடு உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்தாள்.

"இதுல உக்காந்தா யாரோ நம்மள சோதிச்சுப் பாக்குற மாதிரியே இருக்கு" என்றாள். ஆனாலும் உட்கார்ந்தார்கள். பழைய வீடுகளை நாளுக்கு மூன்றாக இறக்கி, அதே இடத்தில் புதியவற்றை எழுப்பினோம்.

பழைய வீடு ஒன்றுகூட மிச்சமில்லாமல், இமேஜ் மட்டும் இருந்த அன்று உலகம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அலுவலகத்தில் நானும் ஜெபராணியும் மட்டும் இருந்தோம். உலகம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இனிமே ஒண்ணுகூட எழுப்ப முடியாதா டீச்சர்?"

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு எழுப்பலாம். உனக்காக. மெதுவாவே செய்யலாம், எட்டு நிமிஷம்."

அவள் அதற்குச் சரி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"கதவு ஒண்ணுகூடச் சாத்தாம எழுப்ப முடியுமா?"

ஜெபராணி நாற்காலியைத் திருப்பினாள். "எதுக்கு அக்கா?"

உலகம்மாள் மெதுவாகச் சொன்னாள், அவளுக்கும் அது புதிதாகத் தெரிகிற விஷயம்போல. அந்தத் திங்கள்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்குக் கவுண்டரில் போன் அடித்தது. கவுண்டருக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் தளவாய் எப்போதும் அங்கிருந்த பழைய போனுக்குத்தான் பேசுவார். அவருடைய அறையில் சிக்னல் கிடைக்காது. பேச வேண்டுமென்றால் பின்கதவு வழியாக வெளியே போவார். அன்று கூட்டம் அதிகம். அறுபது எழுபது பேர் வரிசையில் நின்றார்கள்.

"'உலகு, ஒண்ணு கேக்கணும்'னாவ. நான் அப்புறம் பேசுங்கன்னு வச்சுட்டேன். ராத்திரி வீட்டுல கேட்டேன். மறந்துபோச்சுன்னாவ. நெசமாவே மறந்துட்டாவதான், எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் நானும் மறந்துட்டேன். அவுக போன பெறகுதான் நெனவு வந்துச்சு." கைப்பையின் வாரை நேராக்கினாள். "ஒவ்வொரு வீட்டுலயும் அவுக எனக்குப் போன் பண்ணத்தான் போயிருக்காவ டீச்சர். முந்தி, வெளிய போற கதவத்தான மொதல்ல சாத்துவாவ. இப்பம் எல்லாத்தையும் ஒண்ணாச் சாத்துதிய. பேச்சு வெளிய வர்றதுக்கு வழி எங்க இருக்கு?"

ஜெபராணி திரைப்பக்கம் திரும்பிக் கதவு வரிசையைப் பார்த்தாள்.

"முடியாது" என்றாள் ஜெபராணி. "தொறந்து போட்ட சர்வர் ஒரு நிமிசம் தாங்காது டீச்சர். ஒலகத்துல எங்க இருந்தெல்லாமோ தட்டிப் பாக்க ஆளு வரும். அதுலயும் அண்ணாச்சி சாவி உள்ளயே இருக்கு." பிறகு, தன்னிடமே கேட்பதுபோல, "மத்த எதோடயும் சேக்காம, தனியா, பேரிக்கு அந்தாண்ட கரையில வச்சா? பழைய சாவி புதுசு எதையும் தொறக்காது..." என்றாள். "நாலு நிமிசம். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

பொறுப்பு என்னுடையது. மாற்றங்களை எழுதும் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற இடத்தில் சோதனை என்று எழுதினேன். ஒன்பது வருஷத்தில் நான் அதில் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

"எப்போ வேணும்?" என்று உலகம்மாளைக் கேட்டேன்.

"சாயங்காலம், கூட்டம் இருக்கும்போதே எழுப்புங்க. அன்னைக்கும் கூட்டம் இருந்துச்சு."

வியாழக்கிழமை மூன்றரை மணிக்குப் பேரிக்கரையில் ஊர் கூடியிருந்தது. யார் சொன்னார்களோ தெரியாது. செய்யது மீரான் பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தார். பீடிக்காரப் பெண்கள் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் உலகம்மாளுக்கு இடம் விட்டு நின்றார்கள். அவள் வரவில்லை. சொர்ணத்தாய் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், கடைசி வீட்டுக்கு இந்த மைனி வராம இருக்காவ?"

ஜெபராணி லேப்டாப்பை ஒரு கல்லின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். உலகம்மாள் கவுண்டரில்தான் இருப்பாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எழுப்பு என்றேன்.

அந்த ஒரு வீடுதான் சத்தமில்லாமல் எழும்பியது. கதவுகள் எல்லாம் திறந்தே நின்றன. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. கரையிலிருந்து பார்த்தால் வீட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கருவேலஞ்செடிகள் தெரிந்தன, நடுவில் மேசையும், துண்டும், ஆவி பறக்கும் டம்ளரும். கடிகாரத்தில் நாலு பத்து. பின்கதவு ஆடியது, நின்றது. அதற்கு அந்தப் பக்கம் யாரும் தெரியவில்லை. வெயிலில் மண் மட்டும் கொஞ்சம் மிதிபட்டதுபோல இருந்தது.

இரண்டாவது நிமிஷத்தில் அவர்கள் வந்தார்கள். கரையைத் தாண்டி, செடிகளுக்குள்ளிருந்து, நாங்கள் ஒருபோதும் பார்த்திராத ஆட்கள். சட்டை இஸ்திரி போட்டிருந்தது, கையில் கொத்துக்கொத்தாகச் சாவி. யாரையும் பார்த்து முறைக்கவில்லை. ஒவ்வொருவரும் ஒரு நிலைப்படியில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, எட்டிப் பார்த்தார்கள். "யாரு ஊர்க்காரங்க வே இவங்க?" என்று செய்யது மீரான் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். மூன்றாவது நிமிஷத்தில் கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவன் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, மடித்தபடியே திரும்ப வைத்தான். ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"டீச்சர்" என்றாள் ஜெபராணி. நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

நாற்காலியில் இருந்தவன் டம்ளரை நோக்கிக் கையை நீட்டினான். அதைத் தூக்கினால் அடியில் சாவி. ஜெபராணியின் விரல் பொத்தானின் மேல் இருந்தது. பின்கதவு வெளியிலிருந்து யாரோ பிடித்ததுபோல லேசாக அசைந்ததை நான் பார்த்தேன், காற்றாகவும் இருக்கலாம்.

"இறக்கு" என்றேன்.

வீடு போனது. அந்த ஆட்கள் வெட்டவெளியில் நின்றார்கள், உட்கார்ந்திருந்தவன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்து பின்புறத்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டான். எல்லாரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வந்த வழியே போனார்கள். ஜெபராணி இமேஜை அழிக்கும் கட்டளையைத் தட்டினாள். நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டது, உறுதிக்காக இமேஜின் பெயரை ஒரு தடவை எழுதச் சொன்னது. தளவாய் அதற்குத் தன் பெயரையே வைத்திருந்தார். ஜெபராணி எழுத்துப் பிசகாமல் எழுதினாள்.

மருத்துவமனையில் நடந்ததை வரிசையில் நின்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அந்தப் போன் அடித்து யாரும் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி யாரும் எழுதிக் கொடுக்காததால் அது சுவரோரமாக உயிரோடு இருந்தது. இரண்டு தடவை அடிக்கும்வரை உலகம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாளாம். அறுபத்து நாலாம் டோக்கனுக்கு நின்றவர், "ஏ தாயி, இங்க மனுசன் காய்ச்சல்ல நிக்கான், நீ போன் பேசிட்டு இருக்கியே" என்று கம்பி வலையைத் தட்டினாராம். அவள் ஒரு கையால் அவருக்கு டோக்கனைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே பேசினாளாம்.

கவுண்டரை மூடிவிட்டு, ஐந்தரை மணிக்கு, மையத்துக்கு வந்தாள்.

"வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சு."

ஜெபராணி நாற்காலியை இழுத்துப் போட்டாள். உலகம்மாள் உட்காரவில்லை.

"வாரப்ப சாளை மீன் வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டாவ. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல புதுசா வந்து இறங்கியிருக்காம்."

"நீ என்ன சொன்ன?"

"வாங்கிட்டு வாங்கன்னேன். புளி இருக்கா பாருன்னாவ. இருக்குன்னேன். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்குன்னாவ. கூட்டமா இருக்குன்னேன்." அவள் சிரித்தாள். "கூட்டந்தான, பொய்யில்லயே."

"பேசிட்டு இருக்கும்போதே அத்துப்போச்சா?" என்று ஜெபராணி கேட்டாள். அவளுக்கு அதைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"இல்ல பிள்ள. அவுகளாத்தான் வச்சாவ. டீ ஆறிரும், உள்ள போறேன்னுட்டு வச்சாவ."

அது எத்தனையாவது நிமிஷம் என்று நான் கேட்கவில்லை. ஜெபராணியும் கேட்கவில்லை. அவள் எழுந்து போய்க் கரும்பலகையைத் துடைத்தாள், அன்று அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. உலகம்மாள் குடையை எடுத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வழியாகப் போனாளென்றும், அரைக் கிலோ சாளை வாங்கினாளென்றும் சொர்ணத்தாய் மறுநாள் சொன்னாள்.

வீடுகள் இன்னும் சில வருஷம் எழும்பின, இறங்கின. பிறகு பதினொரு நிறுவனங்களும் பிரிந்து வெவ்வேறு ஏற்பாடு செய்துகொண்டன. பேரிக்கு ஒரு ஐப்பசியில் தண்ணீர் வந்தது. ஜெபராணி கோயம்புத்தூருக்குப் போனாள். அடங்கலில் மானாவாரிப் பயிர் என்ற பதிவு மட்டும் அப்படியே இருப்பதாகக் கேள்வி.

உலகம்மாள் இன்னும் ஒன்பது வருஷம் அதே கவுண்டரில் டோக்கன் கொடுத்தாள். சர்க்கரை கூடி வலது கால் பெருவிரலை எடுத்த பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வீரவநல்லூரில் தங்கை வீட்டோடு போய்விட்டாள்.